சங்கத்துக்கு வியூகத் திட்டம்: செயலவையினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில், பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில், ஒரு கல்விநலச் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். பொறுப்பை இறக்கி வைத்த பிறகு, மற்ற சங்கங்கள் திட்டம் போட உட்காரும்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் சங்கக் கணக்குகள் விளக்குவதற்காக நானே போட்டவை. சட்டம், ஆண்டு, அரசுப் புள்ளிவிவரம் ஆகியவை உள்ளபடி.

எங்கள் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்வது எட்டே பேர். எங்களுக்கு வியூகத் திட்டம் எதற்கு?

எட்டுப் பேர் என்பதால்தான் கேட்கிறேன். பெரிய அறவாரியம் உதவாத நிகழ்ச்சி ஒன்றை மூன்று ஆண்டு நடத்தினாலும் தாங்கும். உங்கள் எட்டுப் பேருக்குக் கிடைப்பது சனி, ஞாயிறுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், தீபாவளிக்கு முன் ஒரு மாதம், கோயில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் போனால் ஆண்டுக்கு முப்பது வார இறுதி மிஞ்சுவதே பெரிது. அந்த முப்பதை எதில் போடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்வதற்குப் பெயர்தான் வியூகத் திட்டம். தடித்த புத்தகம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும்.

2019ல் தங்கும்விடுதியில் பட்டறை வைத்து ஐந்தாண்டுத் திட்டம் எழுதினோம். ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தவறினோம்?

அப்படிப்பட்ட திட்டங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தொலைநோக்கு, இரண்டாவதில் பணிநோக்கு, மூன்றாவதில் நான்கு கட்டம் போட்ட சுவாட். வலிமை: அர்ப்பணிப்புள்ள உறுப்பினர்கள். பலவீனம்: நிதிப் பற்றாக்குறை. வாய்ப்பு: அரசு மானியம். மிரட்டல்: இளைஞர்களுக்கு ஆர்வமில்லை. அட்டையில் இருக்கும் சங்கத்தின் பெயரை அழித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாலும் உள்ளே ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது.

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கட்டுப்பாடெல்லாம் போன பிறகும் அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை என்றால் காரணம் கிருமி இல்லை. அதில் ஆசைகள் இருந்தன, முடிவுகள் இல்லை. "இதை நிறுத்துகிறோம்" என்று ஒரு வரிகூட இல்லாத திட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை வருவதே இல்லை.

சரி, ஆய்வை எங்கிருந்துதான் தொடங்குவது?

கணக்குப் புத்தகத்திலிருந்தும் வருகைப் பதிவேட்டிலிருந்தும். பட்டறைக்கு ஒரு மாதம் முன்பே பொருளாளரும் செயலாளரும் இதை முடித்துவிட வேண்டும்.

ஆண்டறிக்கைக்குக் கணக்கு எழுதும்போது செலவை வகைவாரியாகப் போடுவோம்: மண்டப வாடகை, சாப்பாடு, அச்சு, ஆசிரியர் ஊதியம். கணக்காய்வாளருக்கு அது போதும். திட்டமிட உதவாது. அதே செலவை நிகழ்ச்சிவாரியாகப் பிரித்துப் போடுங்கள். அப்போதுதான் சங்கத்தின் உண்மையான முகம் தெரியும்.

ஒரு சங்கம் நான்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் வகுப்புக்கு ஆண்டுக்கு 14,400 ரிங்கிட். பதிவேட்டில் நாற்பது பெயர், ஆகவே ஒரு பிள்ளைக்கு 360 என்று ஆண்டறிக்கையில் எழுதுவார்கள். ஆனால் வருகையைக் கூட்டி வகுத்தால் சராசரியாக வருவது 17 பேர். அப்படியானால் ஒரு பிள்ளைக்கு 847. தீபாவளி அன்பளிப்புக் கூடை 150 குடும்பத்துக்கு, தலா 80 ரிங்கிட், மொத்தம் 12,000. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவர்களோடு தேசியப் பதிவு இலாகாவுக்கு நடையாய் நடக்கும் வேலைக்கு 2,200 ரிங்கிட், ஆண்டில் 11 பேர், ஆக ஒருவருக்கு 200. நான்காவது, நிதி திரட்டும் விருந்து. வரவு 38,000, செலவு 29,000, மிச்சம் 9,000.

இந்த நான்கு வரியையும் வெள்ளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே கூட்டத்தின் பேச்சு மாறிவிடும். பத்திரிகையில் படம் வருவது கூடைக்கும் விருந்துக்கும். ஒருவர் பள்ளியில் சேர, வேலைக்குப் போக, வங்கியில் கணக்குத் திறக்க வழி செய்யும் வேலைக்கு மொத்தச் செலவில் ஒரு துளி. அது சரியா, தப்பா என்று கணக்கு சொல்லாது. அதைச் செயலவைதான் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் பேசுவதற்கு இப்போது பொருள் இருக்கிறது.

தொண்டர் உழைப்புக்கு விலை போடுவது பாவம் இல்லையா?

சேவையை அசிங்கப்படுத்துகிறோம் என்று ஒரு மூத்தவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனாலும் போட்டுப் பாருங்கள். சும்மா கிடைக்கிறது என்று நினைப்பதால்தான் அதைத் தண்ணீர் மாதிரி இறைக்கிறோம்.

மேலே சொன்ன விருந்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர், வாரத்துக்கு நான்கு மணி நேரம், பன்னிரண்டு வாரம்: 576 மணி நேரம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு எட்டு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். எட்டு என்றே வைத்தாலும் 4,608 ஆகிறது. 9,000 மிச்சம் என்று மேடையில் அறிவித்த விருந்தில் உண்மையில் மிஞ்சியது 4,400கூட இல்லை. பன்னிரண்டு பேரும் மேசை விற்கப் போய் உறவினர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம் என்று வெளிச் சூழலை ஆறு தலைப்பில் ஆராயச் சொல்கிறார்கள். அத்தனையும் வேண்டுமா?

தலைப்புகள் மறதிக்கு மருந்து, அவ்வளவுதான். ஆறையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால் செய்தித்தாள் தலைப்புகளை அள்ளிக் கொட்டுவோம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: கடந்த ஐந்து ஆண்டில் வெளியே நடந்த எது நம் நிகழ்ச்சியின் காரணத்தையே மாற்றிவிட்டது?

டியூஷன் நடத்தும் சங்கங்களுக்குப் பதில் கண்முன்னே இருக்கிறது. 2021 ஏப்ரலில் கல்வியமைச்சு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை அகற்றியது. 2022 ஜூனில் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-உம் போனது. அதுவரை நம் சங்கங்களின் டியூஷன் என்றால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், எல்லாப் பாடத்திலும் ஏ, பரிசளிப்பு விழாவில் மாலை. தேர்வே போன பிறகும் மாதிரித் தேர்வுத் தாள் அச்சடித்துக் கொடுத்த ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். "வழக்கமா செய்யறதுதானே" என்றார்கள்.

இதன் அடுத்த அடுக்கு இன்னும் முக்கியம். அந்த இரண்டும் போனதும், ஒரு பிள்ளை நாடு முழுவதற்கும் பொதுவான பெரிய தேர்வில் உட்காருவது ஐந்தாம் படிவத்தில், எஸ்.பி.எம்.மில் என்றானது. வாசிப்பிலோ கணிதத்திலோ எங்கே வழுக்கியது என்று பெற்றோருக்குத் தெரியவரும்போது பிள்ளைக்குப் பதினேழு வயது. வழுக்கியதோ முதல் படிவத்தில், தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் சில மாதங்களில். டியூஷனை ஆறாம் ஆண்டிலிருந்து முதல், இரண்டாம் படிவத்துக்கு நகர்த்தினால் என்ன? இந்தக் கேள்விதான் வெளிச் சூழல் ஆய்வின் பலன். தேர்வு போய்விட்டது என்பதோடு நிறுத்தினால் அது வெறும் செய்தி.

இன்னொன்றையும் பாருங்கள். பெருநிலத்தின் பத்து காவானையும் தீவின் பத்து மாவோங்கையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்தது. அதன் பிறகு தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் தெற்கே நகர்ந்தன. 2019ல் ஐக்கியா மரச்சாமான் கடையே வந்துவிட்டது. நம் வகுப்பு மட்டும் அதே பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. வருகை குறைந்ததற்கு "இந்தக் காலத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று காரணம் சொல்வதற்கு முன்னால், வராமல் போன பிள்ளைகளின் இப்போதைய முகவரியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பள்ளித் தவணையும் அப்படித்தான். 2022ல் மார்ச் மாதத் தொடக்கமாக மாறி, 2026ல் மறுபடி ஜனவரிக்கு வந்தது. ஆண்டு நாட்காட்டியைப் பழைய கோப்பிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள்.

நம் வட்டாரத்துக்கான புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்? காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டி.ஓ.எஸ்.எம். தளம் இலவசம். அதன் கவாசான்கூ பகுதியில் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வரை பிரித்துக் காட்டுவார்கள். 2020 கணக்கெடுப்பில் பினாங்கின் மக்கள்தொகை சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம். இந்த மொத்த எண்ணை மேற்கோள் காட்டி மானிய விண்ணப்பம் எழுதுவதைவிட, நீங்கள் வேலை செய்யும் தொகுதியின் எண்ணை எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தளம் இனத்தைத் தனியாகவும் வருமானத்தைத் தனியாகவும் காட்டும். இரண்டையும் நீங்களாக முடிச்சுப் போட்டு "எங்கள் தொகுதியில் இத்தனை ஏழை இந்தியக் குடும்பங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் பி40 என்ற கோட்டையும் அளந்து பயன்படுத்துங்கள். 2022 கணக்கெடுப்பின்படி குடும்பத்தின் மாத வருமானம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால் பி40 என்று இருந்தது. அது நாடு முழுவதற்குமான கோடு. நான்கு பிள்ளைகளோடு ஜார்ஜ் டவுனில் வாடகை கட்டும் வீட்டுக்கும், நிபோங் திபாலில் சொந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் அதே 5,000 ரிங்கிட் ஒன்றாகுமா?

பயனாளிகளிடம் கருத்துக் கேட்டோம். எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள். வேறு என்ன செய்வது?

அன்பளிப்புக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்தவரையே பார்த்துக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? கூகல் படிவத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள்.

மூன்று வழி சொல்கிறேன். முதலாவது, இருப்பவர்களை விட்டுவிட்டு நின்றுபோனவர்களைக் கேளுங்கள். பாதியில் வகுப்பை விட்ட பத்துப் பேரின் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் நூறு படிவத்தை விடப் பயன். அப்படிப் போனபோது ஒரு தாயார் சொன்னது: வகுப்பு முடியும் நேரத்தில் அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இல்லை. பாடத்திட்டத்தைப் பற்றி இரண்டு கூட்டம் விவாதித்திருந்தோம். இரண்டாவது, கேட்பவர் தலைவராகவோ பரிசு கொடுப்பவராகவோ இருக்கக் கூடாது. பக்கத்துச் சங்கத்திலிருந்து ஆள் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, "பிடித்ததா" என்று கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வந்தீர்கள், அன்று வர என்ன செலவு, வராத அன்று பிள்ளை எங்கே இருந்தது.

நாம் செய்வதையே இன்னும் நான்கு இயக்கங்கள் செய்கின்றன. இதை ஆய்வில் எப்படிக் கொண்டுவருவது?

மனசுக்குக் கஷ்டமான, ஆனால் ரொம்பத் தேவையான பகுதி இது. 1983ல் ஈயன் மெக்மில்லன் என்ற பேராசிரியர் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கென்றே ஓர் அட்டவணை போட்டார். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நான்கு கேள்விகளில் நிறுத்துவது. நம் நோக்கத்தோடு பொருந்துகிறதா? பணமும் ஆதரவும் எளிதாக வரக்கூடியதா? இதை வேறு யாராவது செய்கிறார்களா? அவர்களைவிட நாம் நன்றாகச் செய்கிறோமா?

இந்தக் கேள்விகளைப் போட்டால் சில பதில்கள் உடனே வந்துவிடும். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைப் பயிற்சி மையம் தொடங்க ஒரு சங்கம் ஆசைப்பட்டது. பாயான் லெப்பாஸில் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் அதைத்தான் செய்துவருகிறது. வாடகைக் கடையில் பத்துக் கணினி வைத்து அதோடு என்ன போட்டி? அந்த மாதிரி மையங்கள் இருப்பதே தெரியாத பிள்ளையைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, முதல் ஆறு மாதம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதை நம்மைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

பணம் எளிதில் வராது, வேறு யாரும் செய்வதில்லை, நாம் நன்றாகச் செய்கிறோம் என்று மூன்றும் கூடிய நிகழ்ச்சிகளை மெக்மில்லன் அமைப்பின் ஆன்மா என்றார். மேலே பார்த்த பிறப்புப் பத்திர வேலை அந்த வகை. ஆன்மாவுக்கும் சோறு போட வேண்டுமே. அதனால் ஆன்மா வகையில் இரண்டு மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், அவற்றைத் தாங்க வேறு வரவு எது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அப்படியானால் சுவாட் தேவையே இல்லையா?

இருக்கட்டும். ஆனால் கடைசியில் வரட்டும், மேலே சொன்ன எண்களெல்லாம் மேசைக்கு வந்த பிறகு. நான்கு கட்டத்தையும் நிரப்பியதோடு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவதுதான் தொல்லை. 1982ல் ஹைன்ஸ் வைரிக் இதைத் திருப்பிப் போட்டு டவுஸ் என்றார்: வலிமையை வாய்ப்போடு, பலவீனத்தை மிரட்டலோடு என்று ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை எழுதுவது. எங்கள் பக்கம் நான் வைக்கும் விதி, எண்ணோ பெயரோ இல்லாத வரியை ஏற்பதில்லை என்பது. "அர்ப்பணிப்புள்ள உறுப்பினர்கள்" செல்லாது. "ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் மூன்று பேர், வாரம் இரண்டு மாலை வரத் தயார்" செல்லும்.

மானியம் கொடுப்பவர்கள் வெளியீடு, விளைவு என்று அட்டவணை கேட்கிறார்கள். வித்தியாசம் என்ன?

நாற்பது வகுப்பு நடத்தினோம் என்பது வெளியீடு. பத்துப் பிள்ளைகள் உதவி இல்லாமல் ஒரு பக்கம் வாசித்துப் பொருள் சொல்கிறார்கள் என்பது விளைவு. 1960களின் இறுதியில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக உருவான தர்க்கச் சட்டகம் என்ற அட்டவணைதான் இன்று பல உருவங்களில் நம் கைக்கு வருகிறது. அலுப்பூட்டும் தாள்தான், ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒரு பத்தி மட்டும் தங்கம்: அனுமானங்கள். "பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள்" என்று நாம் சொல்லாமலே நம்பியிருப்பதை அங்கே எழுத வேண்டியிருக்கும். அந்தத் தாயாரின் ஷிப்டை அந்தப் பத்தி முன்பே காட்டிக் கொடுத்திருக்கும்.

இந்தியர் சமூக மேம்பாட்டுக்கான மித்ரா போன்ற அரசு நிதியானாலும் நிறுவனங்களின் நன்கொடையானாலும், ஓராண்டுப் பணத்தை நம்பி மூன்றாண்டு வாக்குறுதி கொடுக்காதீர்கள். நிறுவனங்களிடம் போவதென்றால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அனுமதி உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். அது இருந்தால் கொடுப்பவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். அதை வாங்குவது என்பதே திட்டத்தில் முதலாண்டு வேலையாக இருக்கலாம்.

ஒரு நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்று ஆய்வு சொல்கிறது. அதைத் தொடங்கியவர் எங்கள் நிறுவனர். எப்படிச் சொல்வது?

பொதுக்கூட்டத்தில் சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எண்களைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும், பெரியவர் இருபது ஆண்டு நடத்திய நிகழ்ச்சிக்கு வருபவர் எண்ணிக்கை தேய்ந்துவிட்டது என்று காட்டினேன். கணக்கு சரி. அவர் அதன் பிறகு ஓராண்டு கூட்டத்துக்கே வரவில்லை.

இப்போதெல்லாம் முதலில் வீட்டுக்குப் போகிறேன். நிகழ்ச்சி எதற்காகத் தொடங்கியது என்று அவர் வாயாலேயே கேட்கிறேன். பெரும்பாலும் காரணம் இன்றைக்கும் உயிரோடு இருக்கும், வடிவம்தான் பழசாகியிருக்கும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் ஒருவரை ஒருவர் அறிய வேண்டும் என்று தொடங்கிய விளையாட்டு விழாவை, அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டைத் தெரியாமல் வாழும் இன்றைய குடும்பங்களுக்கு வேறு எப்படிச் செய்யலாம் என்று அவரையே கேட்கலாம். "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றால் அவரே பாதியைக் கத்தரித்துத் தருவார்.

ஆலோசகரை வைக்கலாமா?

கூட்டத்தை நடத்திக் கொடுக்க வைக்கலாம், செயலவைக்குள் இரண்டு அணி இருந்தால் கட்டாயம் வைக்கலாம். திட்டத்தை எழுதித் தர வைக்காதீர்கள்.

எத்தனை ஆண்டுக்குத் திட்டம் போடுவது?

மூன்று. முதல் ஆண்டு விவரமாக, மற்ற இரண்டும் கோடிட்டு.

சட்டப்படி கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சங்கங்கள் சட்டம் 1966ன் கீழ்ப் பதிவு பெற்றவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கைத் தயார் செய்யும்போதே நிகழ்ச்சிவாரிக் கணக்கையும் போட்டுவிட்டால் இரட்டை வேலை இல்லை. அப்புறம், புதுத் திட்டம் உங்கள் சட்டவிதியில் உள்ள நோக்கங்களுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். கல்வி என்று மட்டும் எழுதியிருக்கும் சங்கம் முதியோர் இல்லம் நடத்த முடிவெடுத்தால் விதியைத் திருத்த வேண்டும். பொதுக்கூட்டம் கைதட்டி ஏற்றுக்கொண்டாலும் இலாகா ஒப்புதல் தரும்வரை அந்தத் திருத்தம் செல்லாது. அதற்கு ஆகும் மாதங்களையும் திட்டத்தில் சேருங்கள்.

திட்டம் நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே தாளில், ஐந்து எண்கள். டியூஷனுக்கு உண்மையில் வந்தவர்கள், முடிந்த பத்திர வேலைகள், ஒரு பிள்ளைக்கான செலவு, தொண்டர் மணி நேரம், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பது. கடைசி எண் மூன்றுக்குக் கீழே போனால் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். பணம் குறைந்த பிறகு போட உட்கார்ந்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இந்தத் தாளைச் செயலவைக் கூட்டத்தில் சென்ற கூட்டக் குறிப்பு முடிந்தவுடனே எடுங்கள். "பிற விஷயங்கள்" வரை தள்ளினால் இரவு பத்தரை ஆகிவிடும், பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்திருப்பார்கள்.